மனு எழுத உட்காரும் முன் காந்தியின் கடிதத்தைப் படியுங்கள்

வேதாரண்யம் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே 22 வருடமாக மனு எழுதுகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் "ரொம்பக் கஷ்டம்னு நல்லா அழுத்தி எழுதுங்க" என்பார்கள். அழுத்தினால் பேனா முனைதான் உடையும். நான் தொழில் கற்றது 1930 மார்ச் 2 அன்று காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில். அது பலிக்காமல்தான் உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. ஏப்ரல் 30 அன்று ராஜாஜி எங்கள் ஊரில் உப்பு அள்ளினார்.

முதலில் கணக்கு. "நாங்கள் ஏழை, நீங்கள் பணக்காரர்" என்று காந்தி புலம்பவில்லை. வைஸ்ராயின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல். அதை நாளுக்கு 700 ரூபாய் என்று மாற்றினார். ஏன் என்றால், பக்கத்தில் வைக்கப்போகும் எண் நாள் கணக்கில் இருந்தது: இந்தியரின் சராசரி வருமானம், நாளுக்கு 2 அணாவுக்கும் குறைவு. ரூபாய்க்கு 16 அணா. 700 ரூபாய்க்கு 11,200 அணா. இரண்டால் வகுத்தால் 5,600. அவரோ "ஐயாயிரம் மடங்குக்கும் மேல்" என்று அடக்கியே சொன்னார்.

நீங்களும் இரண்டு எண்ணையும் ஒரே அளவையில் வையுங்கள். வாய்க்கால் தூர்வாரக் கேட்டு ஒரு கடைமடை விவசாயிக்கு நான் எழுதியது இது: "போன வருடம் மேட்டூர் திறந்து, மேல் மதகுக்குத் தண்ணீர் வந்தது 14-ம் நாள். எங்கள் வயலுக்கு 31-ம் நாள். இடையில் 4 கிலோமீட்டர்."

அடுத்து, ஆளை விட்டு ஏற்பாட்டைப் பிடியுங்கள். சம்பளக் கணக்கைச் சொன்ன கையோடு காந்தி, உங்கள் மனதைப் புண்படுத்த விருப்பமில்லை, சம்பளம் முழுவதையும் நீங்கள் தர்மத்துக்கே கொடுக்கலாம், ஆனால் இந்த முறை ஒழிய வேண்டும் என்கிறார். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அலுவலரைக் கிழி கிழி என்று கிழித்து எழுதினேன். மேலே போன மனு, விளக்கம் கேட்டு அவர் மேசைக்கே திரும்பி வந்தது. அப்புறம் அந்தப் பட்டா மாற இரண்டு வருடம்.

1776-ன் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் இதற்கு நேர் எதிர். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மேல் 27 குற்றச்சாட்டு. "அவர்… அவர்…" என்று அடுக்கிக்கொண்டே போகும். அவர்கள் உறவை முறித்துக்கொண்டு கிளம்பியவர்கள், எழுதலாம். நாம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மறுபடி அதே வாசலில் நிற்க வேண்டும். ஆனால் எத்தனையோ முறை பணிவாக மனுக் கொடுத்தோம், கிடைத்தது தீங்குதான் என்று அதில் சொல்லியிருப்பதை எடுத்துக்கொள்ளலாம். பழைய மனுக்களின் தேதி, ரசீது எண் எல்லாவற்றையும் வரிசையாகப் போடுங்கள்.

கடைசியில் தேதி. "ஆவன செய்யக் கேட்டுக்கொள்கிறேன்" என்று நிறுத்தினால் கோப்பு தூங்கும். இதற்கு வழி காணாவிட்டால் இம்மாதம் 11-ம் தேதி உப்புச் சட்டத்தை மீறப் புறப்படுவேன் என்றார் காந்தி. இது மிரட்டல் அல்ல என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த விவசாயிக்கு நான் போட்ட கடைசி வரி: "மே 20-க்குள் வேலை தொடங்காவிட்டால், 25-ம் தேதி காலை நாங்களே மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்குகிறோம். தாங்களும் வந்து பார்வையிட வேண்டுகிறோம்."