மொறுமொறு தோலோடு பொரித்த முட்டை, ரங்கூன் மசாலாவில்

சென்னை பர்மா பஜாரில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டவர்களுக்கு மசாலா முட்டை தெரியும். அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் பூண்டும் மிளகாயும் திணித்து, புளித்தண்ணீர் விட்டுக் கையில் தருவார்கள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுபோன ருசி அது. இங்கே ரங்கூனில் பர்மியர் வீடுகளில் முட்டைக் குழம்பு வைத்தால், அவித்த முட்டையை அப்படியே குழம்பில் போடுவதில்லை. முதலில் எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து எடுப்பார்கள். அந்தப் பொரித்த முட்டைக்குள் இந்த மசாலாவை வைத்தால், விருந்தாளி வந்ததும் தேநீரோடு நீட்ட இதைவிட நல்ல பண்டம் இல்லை. மேல்மாவு எதுவும் கிடையாது. மாவில் முக்கிப் பொரித்தால் அது முட்டை பஜ்ஜி. அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வேறு சாமான்.

ஆறு முட்டைக்குக் கணக்கு: சின்னச் சிவப்பு வெங்காயம் 300 கிராம், பூண்டு 15 பல், கடலை எண்ணெய் 300 மில்லி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, புளி 20 கிராம், வறுத்து இடித்த காய்ந்த மிளகாய் இரண்டு தேக்கரண்டி, வறுத்து அரைத்த கடலைப்பருப்பு மாவு ஒரு மேசைக்கரண்டி, உப்பு, ஒரு பிடி கொத்தமல்லித் தழை. அனோரத்தா சாலை காளி கோயிலை ஒட்டிய தெய்ஞ்சி சந்தைக்குப் போனால் மிளகாய், மஞ்சள், புளி எல்லாம் ஒரே நடையில் வாங்கிவிடலாம். மிளகாயைப் பொடியாக வாங்காதீர்கள். முழு மிளகாயை வெறும் சட்டியில் வறுத்து, விதையோடு கொரகொரப்பாக இடியுங்கள். நைஸான தூள் புளித்தண்ணீரில் கரைந்து சேறு மாதிரி ஆகிவிடும்.

முட்டை அன்றைக்கு இட்டதாக இருந்தால் இதற்கு ஆகாது. புது முட்டையின் வெள்ளைக்கரு உள்சவ்வோடு ஒட்டிக்கொள்ளும். உரிக்கும்போது பிய்ந்து வரும். ஒரு வாரம் ஆன முட்டையில் ஓட்டின் நுண்துளை வழியே கரியமில வாயு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடியிருக்கும். சவ்வு எளிதில் விடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது முட்டையைக் கரண்டியால் இறக்கி, ஒன்பது நிமிடம் வேகவிட்டு, உடனே குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் வைத்து அடுப்பேற்றினால் உரிப்பது கஷ்டம். மொத்தையான முனையில் காற்றறை இருக்கும். அங்கிருந்து தட்டி, தண்ணீருக்குள் வைத்தே உரியுங்கள். மேல்பரப்பு பிய்ந்த முட்டையைத் தனியாக எடுத்து வையுங்கள். பிய்ந்த இடம் எண்ணெயைக் குடித்து, மற்ற இடம் நிறம் மாறும் முன்பே கருகிவிடும்.

அடுத்தது காயவைப்பது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மேலே உள்ள ஈரம் போனால்தான் அந்த இடம் தோலாக இறுகி மொறுமொறுக்கும். துணியால் ஒற்றி எடுத்து, விசிறிக்கு அடியில் இருபது நிமிடம் வையுங்கள். கரண்ட் இல்லாத வேளையானால் ஜன்னலோரம் முக்கால் மணி நேரம். பிறகு மஞ்சள்தூளை மட்டும் தேய்த்துவிடுங்கள். உப்பு இப்போது வேண்டாம். அது உள்ளிருந்து தண்ணீரை இழுத்து வெளியே கொண்டுவரும். கடைசியாகப் பல்குச்சியால் ஒவ்வொரு முட்டையிலும் ஏழெட்டு இடத்தில் அரிசி நீளத்தில் பாதி ஆழத்துக்குக் குத்துங்கள். குத்தாத முட்டையில் நீராவி தோலுக்கடியில் தேங்கி, வெடித்து, எண்ணெயை முகத்தில் அடிக்கும். குழம்புக்குக் கீறுவதுபோலக் கத்தியால் ஆழமாகக் கீறினால் அதுவும் தப்பு. எண்ணெயில் வாய் பிளந்து மஞ்சள்கரு கலங்கும்.

முட்டை காயும் நேரத்தில் வெங்காயத்தை முடித்துவிடலாம். நீளவாக்கில் ஒரே கனமாக, இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் அரியுங்கள். கனம் கூடக்குறைய இருந்தால் மெல்லியது கருகும், தடித்தது வதங்கலாகவே கிடக்கும். எண்ணெய் மிதமாகச் சூடானதும் வெங்காயத்தைப் போட்டு, நடுத்தரத் தீயில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் எட்டு நிமிடம் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தீயைக் கூட்டிவிடாதீர்கள். நுரை அடங்கி, சத்தம் குறைந்து, வைக்கோல் நிறம் வந்ததுமே அரித்தெடுங்கள். இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும் என்று காத்திருந்தால் போச்சு: எடுத்த பிறகும் தன் சூட்டிலேயே இரண்டு படி நிறம் ஏறும். தட்டில் பரப்பி உதிர்த்துவிடுங்கள். மெல்லியதாக அரிந்த பூண்டை அதே எண்ணெயில், இன்னும் குறைந்த தீயில் வறுத்து, வெளிர் மஞ்சளிலேயே எடுத்துவிடுங்கள். பூண்டு சிவந்தால் கசக்கும். மொத்தப் பண்டமும் கசக்கும்.

எண்ணெயை வடிகட்டுங்கள். அடியில் தங்கிய வெங்காயத் துணுக்கு அடுத்த சூட்டில் கரியாகி முட்டையில் கரும்புள்ளியாக ஒட்டும். வெங்காய வாசம் ஏறிய இந்த எண்ணெயில்தான் முட்டை பொரிய வேண்டும். சின்ன, குழிவான இரும்புச் சட்டி நல்லது. முட்டையின் முக்கால் உயரத்துக்கு எண்ணெய் நிற்கும். 170 டிகிரிச் சூடு போதும். ஒரு வெங்காயத் துண்டைப் போட்டால் உடனே மேலே வந்து சுற்றிலும் நுரைக்க வேண்டும். அடியில் போய்க் கிடந்தால் இன்னும் காயவில்லை. இரண்டு முட்டைக்கு மேல் ஒரே நேரத்தில் போடாதீர்கள், சூடு இறங்கிவிடும். மூடி ஒன்றைக் கேடயமாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நிமிடம் முழுக்க உருட்டிக்கொண்டே இருங்கள். முட்டை ஒரு பக்கமாகவே சாய்ந்து படுக்கப் பார்க்கும், அந்தப் பக்கம் அடிபிடிக்கும். இரண்டாவது நிமிடத்தில் மஞ்சள் தோலில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழும்பும். பிறகு கொப்புளத்தின் உச்சி மட்டும் முதலில் பொன்னாகும், அப்புறம் இடுக்குகளும். மூன்றரை, நான்கு நிமிடத்தில் கரண்டியால் தட்டினால் சரசரவென்று சத்தம் கேட்கும். எடுத்துவிடுங்கள். ஆறு நிமிடம் விட்டால் தோலுக்கடியில் உள்ள வெள்ளைக்கரு ரப்பராகிவிடும், பல்லில் இழுக்கும்.

கரி அடுப்பில் செய்பவர்கள் தீயைக் குறைக்க முடியாதே என்று யோசிக்க வேண்டாம். எண்ணெய் புகையத் தொடங்கும் முன் சட்டியை இறக்கி அரை நிமிடம் தரையில் வைத்து, மறுபடி ஏற்றினால் சரி. எடுத்த முட்டையைக் காகிதத்தில் வைக்காதீர்கள். அடியில் ஆவி தேங்கித் தோல் நமுத்துவிடும். கம்பி வலை அல்லது சல்லடையில் வையுங்கள்.

புளியை அறுபது மில்லி வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, வடிகட்டி, உப்புப் போட்டுவையுங்கள். பச்சைத்தண்ணீர் வேண்டாம், இது கொதிக்கப் போவதில்லை. உப்பைக் குறைத்து நான்கு சொட்டு மீன் சாறு (ஃபிஷ் சாஸ்) விட்டால் ருசி சட்டென்று பர்மியப் பக்கம் சாயும்.

நிறைக்கும்போது வரிசை முக்கியம். முட்டையை நீளவாக்கில் முக்கால் ஆழத்துக்குக் கீறி, விரலால் லேசாக அகட்டுங்கள். மஞ்சள்கருவின் மேல் அரைத் தேக்கரண்டி புளிச்சாறு, நான்கைந்து சொட்டு வெங்காய எண்ணெய், அதன்மேல் ஒரு சிட்டிகை கடலை மாவு. இந்த மாவு வெறும் வாசத்துக்கு இல்லை; புளிச்சாற்றை உறிஞ்சிக் களிம்பாக்கி, மேலே வரும் வெங்காயத்துக்கு ஈரம் ஏறாமல் தடுக்கும். பிறகு மிளகாய், பூண்டு, கடைசியில் வெங்காயத்தைக் கூம்பாக. கொத்தமல்லி தூவி அந்த நிமிடமே கொடுத்துவிடுங்கள். தோலின் மொறுமொறுப்பு பத்து நிமிடம் தாங்கும், அதற்குமேல் உள்ளிருந்து ஈரம் வந்துவிடும். கூட்டம் அதிகமானால் முட்டையை அவித்துக் காயவைப்பது வரை முன்பே முடித்துவிட்டு, ஆள் வந்தபின் பொரியுங்கள்.

வாத்து முட்டையும் ஏற்கும். பன்னிரண்டு நிமிடம் அவிக்க வேண்டும், தோல் இன்னும் தடிப்பாக வரும். காடை முட்டை நான்கு நிமிடத்தில் வெந்து, ஒன்றரை நிமிடத்தில் பொரிந்துவிடும். அதைக் கீற முடியாது. பாதியாக வெட்டி மேலே மசாலாவை வையுங்கள்.

மீந்த முட்டையை மைக்ரோவேவில் சூடாக்காதீர்கள், வெடிக்கும். வெங்காயம் தக்காளி வதக்கிய குழம்பில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால், நமுத்த தோல் குழம்பை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும்.