வாசகசாலைச் சன்னலும் யுவி ஃபிலிமும்: என் அனுபவம்

காரைக்குடியில் பழைய செட்டியார் வீடு ஒன்றில் நடக்கும் வாசகசாலையைப் பார்த்துக்கொள்கிறேன். மேற்குச் சன்னலோரம் இருந்த சிவப்பு அட்டைப் புத்தகங்களின் முதுகு மட்டும் வெளிறிப் போனது. கண்ணாடி இருக்கிறதே என்று நினைத்தேன். ஆனால் சாயத்தை வெளிறச் செய்யும் புற ஊதாக் கதிர்களில் (யுவி), யுவி-பி என்ற குறுகிய அலைநீள வகையைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் நிறுத்தும். யுவி-ஏ என்ற நீண்ட அலைநீள வகை பெருமளவு உள்ளே வந்துவிடும்.

திரை போட்டேன்; படிக்க வருபவர்கள் விலக்கிவிட்டார்கள். அப்புறம் மலிவான கறுப்பு ஃபிலிம். மத்தியானமே டியூப்லைட் போட வேண்டியதாயிற்று. பாதியை அட்டையால் மூடிச் சன்னலில் வைத்த செய்தித்தாளில், திறந்த பாதி அப்படியும் மஞ்சளானது.

கடைசியில் 400 நானோமீட்டர் அலைநீளம் வரையுள்ள யுவியைத் தடுக்கும் நிறமில்லாத ஃபிலிம் வாங்கினேன். 500 ரூபாய் நோட்டின் எண்கள் யுவி பட்டால் ஒளிரும்; சோதித்துப் பார்க்க ஃபிலிம் வழியாக யுவி டார்ச்சை நோட்டில் அடித்தால், எண்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன! இரண்டு நாள் கடைக்காரருடன் வாக்குவாதம். தப்பு டார்ச்சில்தான்: அது 395 நானோமீட்டர் வகை, அதன் ஒளியில் ஒரு பங்கு கண்ணுக்கே தெரியும் ஊதா; ஃபிலிம் அதை நிறுத்தாது. 365 டார்ச்சில் நோட்டு இருண்டே கிடந்தது. கறுப்பு ஃபிலிம் வழியாக அதே டார்ச்சை அடித்தால் நோட்டு ஒளிர்ந்தது.

சோப்புத் தண்ணீர் தெளித்து உட்பக்கம் ஒட்டினோம். மேல் வளைவிலுள்ள புடைப்பு வண்ணக் கண்ணாடியில் ஒட்டவில்லை. அதன் பின்னால் ஃபிலிம் ஒட்டிய வெறும் கண்ணாடியைப் பொருத்தினோம். முதல் சில நாள் பால்போல் மங்கலாக இருக்கும், உரித்துவிடாதீர்கள். ஈரம் காய்ந்ததும் தெளிந்துவிடும்.

சாதாரண வெளிச்சமும் சாயத்தை வெளிறச் செய்யும் என்பதால், பழைய கணக்குப் பேரேடுகளை உள் அறைக்கு மாற்றிவிட்டேன்.