அடிபம்பு வைத்த பிறகு: கிராம வளர்ச்சிப் பணியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டு நிறுவனமொன்றில் புதிதாகச் சேர்ந்த களப்பணியாளர்கள், தாங்கள் எழுதிய திட்ட வரைவைத் திருத்தித் தரும்படி அண்மையில் என்னிடம் கொடுத்தார்கள். பக்கத்தைப் புரட்டப் புரட்ட, நான் இளவயதில் எழுதியதையே மறுபடியும் படிப்பதுபோல் இருந்தது. ரசீது இல்லாமல் செலவழிப்பது, தணிக்கையைத் தள்ளிப்போடுவது போன்றவற்றை எவரும் ஒருமுறை பட்டால் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

திறப்பு விழாவோடு வேலை முடிந்தது என்று எண்ணுவது

வரைவில் 12 அடிபம்புகள் இருந்தன. துளையின் ஆழம், சிமென்ட் மேடையின் நீள அகலம் எல்லாம் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருக்க, பழுதைப் பற்றி மட்டும் ‘பராமரிப்பு: ஊர்மக்கள் பொறுப்பு’ என்ற ஒற்றை வரிதான் இருந்தது. அதே வரியை நானும் எழுதியிருக்கிறேன்.

நான் அப்போது பணியாற்றிய நிறுவனம் ஒரு கிராமத்தில் இந்தியா மார்க் 2 வகைப் பம்பு ஒன்றை அமைத்து, பெயர்ப்பலகையும் பதித்து ஒப்படைத்துவிட்டு வந்தது. 14 மாதங்கள் கழித்து நான் போய்க் கைப்பிடியை அடித்துப் பார்த்தபோது, அது கனமே இல்லாமல் மேலும் கீழும் போனதே தவிர ஒரு சொட்டு நீரும் வரவில்லை. மேடையில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். பழுதானது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வாஷர். ஆனால் அந்த வகைப் பம்பில் அதை மாற்ற வேண்டுமானால், கிணற்றுக்குள் இறங்கும் இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாக மேலே இழுத்துக் கழற்ற வேண்டும். அதற்கு நாலைந்து பேரும் தனிக் கருவிகளும் தேவை. இந்தத் தொல்லைக்காகவே, குழாய்களைக் கழற்றாமல் பிஸ்டனை மட்டும் மேலே எடுக்கக்கூடிய மார்க் 3 பின்னர் வந்தது. ‘ஏன் எங்களிடம் சொல்லவில்லை?’ என்று அங்கிருந்த மூதாட்டியிடம் சற்றுக் கோபமாகவே கேட்டேன். ‘நீங்கள் வைத்த பம்பு, நீங்களே வருவீர்கள் என்று இருந்தோம்’ என்றார்.

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது அந்த வாஷர் அல்ல. நிதி அளிப்போரின் படிவத்தில் ‘நிறுவிய எண்ணிக்கை’க்கு ஒரு கட்டம் இருக்கிறது, மூன்றாம் ஆண்டில் அது நீர் தருகிறதா என்பதற்குக் கட்டமே இல்லை. அந்தக் கட்டத்தை நீங்களே வரைந்து சேருங்கள். பழுது பார்ப்பது யார், உதிரிபாகம் எங்கே கிடைக்கும், மாதச் சந்தாவை யார் வசூலித்து யார் கணக்கு வைப்பது என்பவை துளையிடுவதற்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் முடிவாகி எழுத்தில் இருக்க வேண்டும். நாள்தோறும் நீர் எடுக்கும் பெண்களில் இருவருக்காவது பழுதுநீக்கப் பயிற்சியும் கருவிப்பெட்டியும் கொடுங்கள். பம்பு கனத்தாலும் தளர்ந்தாலும் அது முதலில் தெரிவது அவர்கள் கைக்குத்தான். மூன்று மாதச் சந்தாகூட முன்கூட்டிச் சேராத இடத்தில் நான் இப்போது துளையிடச் சம்மதிப்பதில்லை. கடுமையான விதி என்று சக பணியாளர்கள் குறைபட்டுக்கொள்வது உண்டு.

வருகைப் பதிவேட்டை வெற்றியாகக் கொள்வது

பயிற்சிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது, அவர்கள் கற்றுக்கொண்டார்களா என்பதைச் சொல்லாது. வங்கதேசத்தின் தொண்டு நிறுவனமான பிராக் 1980 முதல் பத்தாண்டுகள், வயிற்றுப்போக்குக்கு உப்பும் வெல்லமும் கலந்த கரைசலைத் தயாரிக்கும் முறையை வீடுவீடாகச் சென்று தாய்மார்களுக்குக் கற்பித்தது. கற்பித்தவர்களின் ஊதியம், பிறகு வேறொருவர் போய்க் கேட்டபோது அந்தத் தாய்மார்களுக்கு எவ்வளவு நினைவிருந்தது என்பதைப் பொறுத்து அமைந்தது. அப்படிச் சம்பளம் வாங்க நம்மில் எத்தனை பேர் துணிவோம் என்று தெரியவில்லை.

கூட்டத்தில் பேசியவர்களே ஊர் என்று கொள்வது

பேசாமல் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் வீட்டுக்கு மறுநாள் போங்கள்.

அரசின் வேலையைத் தாமே ஏற்றுக்கொள்வது

மனு எழுதக் கற்றுக்கொடுங்கள். நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள்.

வெளியேறும் நாளைச் சொல்லாமல் இருப்பது

நிறுவனம் ஊரைவிட்டு எப்போது வெளியேறும் என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்ல வேண்டும். என்னிடம் வந்த வரைவில் அந்தத் தேதியும் இல்லை; எழுதிச் சேர்க்கும்படி திருப்பி அனுப்பியிருக்கிறேன்.