வளர்ச்சிக்கான மரபணுக் குறிப்பான்கள்: தராசடியில் தொடங்கும் தவறுகள்

சென்னைச் சிவப்பு என்னும் செம்மறி இனம் திருவள்ளூர், காஞ்சிபுரம் வட்டாரங்களுக்கு உரியது. கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாதவரம் பால்பண்ணையில் இருப்பதால், வட சென்னையிலிருந்து மரபணுக் குறிப்பான் ஆய்வில், அதாவது டி.என்.ஏ.வில் ஆட்டுக்கு ஆடு வேறுபடும் இடங்களுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பைத் தேடுவதில், இறங்குபவருக்கு இந்த ஆடே கைக்கு எட்டும். அத்தகைய ஆய்வு பிழைபடுவது ஆய்வகத்தைவிடப் பட்டியில்தான் அதிகம் என்பது என் கருத்து.

பெரிய தவறு, உறவுமுறையை மறப்பது. மந்தையில் இரண்டே கிடாக்கள் பொலிக்கு விடப்பட்டிருந்தால், நல்ல உடல்வாகுள்ள கிடாவின் குட்டிகள் விரைவாக எடை கூடும். அந்தக் கிடாவிடமிருந்து அவற்றுக்கு வந்த, வளர்ச்சியோடு எந்தத் தொடர்பும் இல்லாத மாற்றுருவும் (ஒரே மரபணுவின் வேறுபட்ட வடிவங்களில் ஒன்று) வளர்ச்சிக்குக் காரணம்போலத் தோன்றிவிடும். எனவே பல கிடாக்களின் வாரிசுகளைச் சேர்ப்பதும், தந்தை யார் என்று பதிவதும், உறவை உள்ளடக்கிய கணக்கு மாதிரியைக் கையாளுவதும் கட்டாயம்.

அடுத்தது எடைப் பதிவு. இரட்டைக் குட்டிகள் ஒற்றைக் குட்டியைவிட இளைத்தே பிறக்கும். கிடாக்குட்டி பெட்டையைவிடக் கனக்கும். பிறந்த பருவமும் தாயின் வயதும் எடையை மாற்றும். இவற்றைத் திருத்தாமல் மூன்று மாத எடையை ஒப்பிட்டால், மரபணு விளைவும் இந்தப் பிற காரணங்களின் விளைவும் பிரித்தறிய முடியாமல் கலந்துவிடும்.

ஆய்வகத்திலும் ஒரு பொறி உண்டு: மாற்றுருவைக் கண்டறிய டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் வெட்டுநொதி அரைகுறையாகச் செயல்பட்டால், ஒத்த மாற்றுருக்கள் இரண்டு கொண்ட ஆடுகூடக் கலப்பு வகையாகப் படிக்கப்படும். மேலும், 20 குறிப்பான்களை 5 சதவீத வரம்பில் (தற்செயலாகத் தேறும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்) சோதித்தால், உண்மையில் எதற்கும் தொடர்பே இல்லாவிட்டாலும், சராசரியாக ஒன்று தற்செயலாகவே தேறும்.

வேற்றினத்து முடிவை அப்படியே இரவல் வாங்குவதும் தவறு. டெக்சல் என்னும் ஐரோப்பியச் செம்மறியில், தசை வளர்ச்சியை மட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணுவின் ஓர் எழுத்து (டி.என்.ஏ. அலகு) மாற்றம் தசையைப் பெருக்குவது 2006இல் வெளியானது. அந்த மாற்றம் நம் ஆட்டில் இருப்பதாகச் சோதிக்காமல் கொள்ளக் கூடாது. குறிப்பான் காரண மரபணுவுக்கு அருகில் மட்டுமே இருக்குமானால், ஓரினத்தில் நன்மையோடு இணைந்த அதே வடிவம் மற்றோரினத்தில் குறையோடு இணைந்திருக்கவும் கூடும்.

எடையை மட்டும் நோக்கித் தெரிவு செய்வதற்குப் பெல்ஜியன் புளூ மாடு எச்சரிக்கை. அதே மயோஸ்டாட்டின் மரபணுவில் 11 எழுத்துகள் நீங்கியதால் அதன் தசை பெருத்தது. கன்று ஈனுவதற்கோ பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை தேவைப்படுகிறது. ஆகவே ஈற்றுச் சிரமம், குட்டி இறப்பு ஆகியவற்றையும் எடையோடு ஒரே பதிவேட்டில் எழுதிவர வேண்டும்.