வேலூரில் நகைக் கலைஞர்களின் ஆண்டுக் கூடலை நடத்துவது எப்படி?

கடையில் வாங்கும் ஓர் அட்டிகையில் தங்கத்தின் தரம் பொறிக்கப்பட்டிருக்கும். 2023 ஏப்ரல் முதல் கட்டாயமாகிவிட்ட ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடும் இருக்கும், பெட்டியின் மேல் கடையின் பெயரும் இருக்கும். அதைச் செய்த பத்தரின் பெயர் மட்டும் எங்கும் இருக்காது. பொன், வெள்ளி, செம்பு, பித்தளை வேலை செய்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடுவதற்கு வேறு பல காரணங்கள் சொல்லலாம். என் கருத்தில் முதன்மையான காரணம், செய்தவரின் பெயர் செய்த பொருளின் அருகில் இருக்க வேண்டும் என்பதே. வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆற்காடு, திருப்பத்தூர் வட்டாரங்களில் அப்படி ஒரு கூடலை நடத்த விரும்புவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் வரும் ஒவ்வொரு முடிவையும் அந்தக் காரணத்தைக் கொண்டே எடுத்திருக்கிறேன்.

வெளிநாடுகளில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. 1969-இல் தொடங்கப்பட்ட வட அமெரிக்கப் பொற்கொல்லர் சங்கம் தன் உறுப்பினர்களுக்காக மாநாடுகள் நடத்தி வருகிறது. உரைகள், கண்காட்சிகள், செயல்விளக்கங்கள் ஆகியவற்றோடு, கலந்துகொள்வோர் தாங்களே செய்த சிறு ஊசிப்பதக்கங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளும் வழக்கமும் அங்கே இருக்கிறது. அந்த மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை நாம் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். உரைகளை அதே அளவில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அங்கே வருபவர்களில் கல்லூரிகளில் பயின்றவர்களும் பயிற்றுவிப்பவர்களும் நிறையப் பேர். நம்முடைய பட்டறைகளிலோ பெரும்பாலோர் அப்பாவிடமோ மாமாவிடமோ தொழில் கற்று, கூலிக்கு வேலை செய்பவர்கள். அவர்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருவது மேடைப் பேச்சைக் கேட்பதற்காக அல்ல, இன்னொருவர் கை வேலை செய்யும் விதத்தைப் பார்ப்பதற்காக.

நாளும் இடமும்

ஆடி மாதத்தை நான் பரிந்துரைக்கிறேன். ஆடியில் திருமணங்கள் இல்லாததால் பட்டறையில் வேலை குறைந்திருக்கும், திருமண மண்டபங்களும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. ஆனால் தை பிறந்ததும் கொடுக்க வேண்டிய உருப்படிகள் அந்த மாதத்தில்தான் பட்டறையில் குவிந்து கிடக்கும் என்பதால் அது ஒத்துவராது. சித்திரை, வைகாசியில் வேலூர் வெயிலில் உலையின் முன் உட்காரச் சொல்வது கொடுமை, போதாததற்கு அட்சய திருதியை நெருக்கடியும் அப்போதுதான். ஆடியிலும் இரண்டு நாட்களைத் தவிர்க்க வேண்டும். ஆடிக் கிருத்திகையன்று வள்ளிமலை, இரத்தினகிரி, திருத்தணி என்று காவடி எடுத்துப் போகிறவர்களால் சாலைகள் நிரம்பிவிடும். ஆடிப் பதினெட்டில் நகைக்கடைகளில் கூட்டம் இருக்கும். ஆகவே ஆடி முதல் இரண்டு வாரங்களில், கிருத்திகை இடையில் வராதபடி பார்த்து, ஒரு சனியும் ஞாயிறும் குறித்துக்கொள்ளுங்கள்.

இடம் காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் எளிதாக வந்து சேரும் தொலைவில் இருப்பது நல்லது. சென்னை, பெங்களூரு, சேலம் ஆகிய மூன்று பக்கங்களிலிருந்தும் வருவோருக்குக் காட்பாடி சந்திப்பே வசதி. மண்டபம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. காற்றோட்டமுள்ள ஒரு கூடம், திரை போட்டு இருட்டாக்கக்கூடிய ஓர் அறை, பூட்டுப் போடக்கூடிய இன்னோர் அறை, மும்முனை மின்சாரம், ஜெனரேட்டர் ஆகியவை இருந்தால் போதும். குளிர்சாதன வசதிக்காகச் சன்னல்களையெல்லாம் அடைத்துக் கட்டிய மண்டபங்களைத் தவிர்த்துவிடுங்கள். அதன் காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதல் ஆண்டில் அறுபது பேருக்கு மேல் வேண்டாம். அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. மூத்த பத்தர்களை அவர்களுடைய பட்டறைக்கே போய், வெற்றிலை பாக்கு பழத்தோடு நேரில் அழைக்க வேண்டும். அப்படி அழைத்தால் அவர் மட்டுமல்ல, அவரிடம் தொழில் பழகும் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து வருவார்கள். செயல்விளக்கம் செய்பவருக்கு அன்றைய கூலியையும் பயணச் செலவையும் கொடுத்தே ஆக வேண்டும். பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டு, அதையே மரியாதை என்று சொல்லும் பழக்கத்தை இந்தக் கூடலுக்குள் விடாதீர்கள்.

வெளியூரிலிருந்து யாரை அழைப்பது என்பதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்வோர், சுவாமிமலை வெண்கலச் சிற்பிகள், நாச்சியார்கோவில் விளக்கு செய்வோர் ஆகிய மூன்று பகுதியினரின் வேலையும் புவிசார் குறியீடு பெற்றது. சேலத்தில் கொலுசு செய்வோரையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லோரையும் ஒரே ஆண்டில் அழைத்தால் யாரையும் முழுமையாகப் பார்க்க முடியாமல் போய்விடும். ஆண்டுக்கு ஒரு பகுதியினரை விருந்தினராக அழைத்து, மற்ற நேரத்தை நம் மாவட்டத்துக் கைகளுக்கே கொடுங்கள்.

செயல்விளக்கம்

கூடலின் உயிர் இதில்தான் இருக்கிறது. மற்ற ஏற்பாடுகளில் குறை வந்தாலும் இதில் வரக் கூடாது.

ஒரு செயல்விளக்கத்தைச் சுற்றிப் பதினைந்து பேருக்கு மேல் நின்றால் பின்வரிசையில் இருப்பவர்கள் முதுகைத்தான் பார்ப்பார்கள். ஆகவே பட்டறை மேசையின் மேலே ஒரு கேமராவை நேர்கீழாகப் பார்க்கும்படி பொருத்தி, படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்ட ஏற்பாடு செய்யுங்கள். கேமரா கைகளைத்தான் காட்ட வேண்டும். முகத்தைக் காட்டுவதற்கு வேறு நேரம் இருக்கிறது. பத்தர் தரையில் அமர்ந்து வேலை செய்து பழகியவராக இருந்தால் அவருக்குத் தரையிலேயே இடம் போடுங்கள். உயரமான மேசையில் உட்காரவைத்தால் அவருடைய கை தன் இயல்பில் ஓடாது.

பொடி வைத்து ஊதுவதை, அதாவது எளிதில் உருகும் உலோகக் கலவைப் பொடியை இடையில் வைத்துத் தீயால் இரு துண்டுகளை இணைப்பதை, எடுத்துக்கொள்வோம். இரண்டு வெள்ளிக் கம்பிகளைச் சேர்க்கும் இடத்தில் வெண்காரக் குழம்பைத் தடவி, பொடியை வைத்து, தீயைக் காட்டும்போது வெண்காரம் முதலில் பொங்கும். பிறகு அடங்கி, கண்ணாடிபோலத் தெளியும். உலோகம் இருட்டில் மட்டும் தெரிகிற மங்கிய சிவப்புக்கு வந்த பிறகு, ஒரு நொடியில் பொடி உருகி, இணைப்பின் நெடுகிலும் பளிச்சென்று ஒரு கோடாக ஓடும். அது சூடு எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் ஓடும். அதனால் தேர்ந்த கை தீயைப் பொடியின் மேல் காட்டுவதில்லை. பொடி போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சுற்றிக் காட்டுகிறது. தொழில் பழகுபவர் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிற இந்த நுட்பத்தைப் பகல் வெளிச்சத்தில் காட்டவே முடியாது, ஏனென்றால் வெயில் வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. திரை போட்ட அறை வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

ஒரு செயல்விளக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்துக்குள் ஒரு ஜிமிக்கியை முழுதாகச் செய்து முடிக்க இயலாது. முடிக்கச் சொல்லவும் கூடாது. தகடு வெட்டியது, குடையாகத் தட்டியது, மணி வைத்தது, கல் பதித்தது என்று ஒவ்வொரு நிலையிலும் நிறுத்திய மாதிரிகளை முன்கூட்டியே செய்து எடுத்துவரச் சொல்லுங்கள். அவற்றை வரிசையாக வைத்துக்கொண்டு, கடினமான இரண்டு கட்டங்களை மட்டும் நேரில் செய்து காட்டினால் போதும். மாதிரிகளைச் செய்வதற்கான உலோகத்துக்கும் உழைப்புக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்பதைத் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். சுவாமிமலை வார்ப்பு வேலைக்கு இது இன்னும் பொருந்தும். மெழுகுச் சிலையின் மேல் பூசிய மண் உலர்வதற்கே நாட்கள் ஆகும் என்பதால், இரண்டு நாள் கூடலில் வார்ப்பைக் காட்ட முயலாமல், தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் உருவம் பிடிப்பதை மட்டும் காட்டச் சொல்வதே முறை.

பொன்னில் செயல்விளக்கம் வேண்டாம். செம்பும் வெள்ளியும் போதும். பொன் நடுவில் இருந்தால் பாதுகாப்புக் கவலையே மேலோங்கி நிற்கும். துகள் சிந்துமோ என்ற எண்ணத்தில் செய்பவரும் சுருங்கிப்போவார்.

எதைப் படம் எடுக்கலாம், எதைச் சொல்லாமல் விடலாம் என்பதைச் செய்பவரே முடிவு செய்ய வேண்டும். குடும்பத்துக்குள் மட்டும் சொல்லிக் கொடுக்கப்படும் நிறமேற்றும் முறையோ மெருகு முறையோ இருந்தால், அதைப் பற்றிக் கேள்வி கேட்டு யாரும் வற்புறுத்தக் கூடாது என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். அப்படிக் காப்பதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையை மதிக்கும் இடத்தில்தான் நாளடைவில் மனம் திறந்து பேச முன்வருவார்கள்.

தீ, புகை, திராவகம்

காட்மியம் கலந்த பொடியை, அதாவது பட்டறைகளில் கே.டி.எம். என்று சொல்லப்படுவதை, கூடலுக்குள் அனுமதிக்கவே கூடாது. காட்மியம் 767 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். வெள்ளி உருகுவது 962 டிகிரியில், பொன் உருகுவது 1,064 டிகிரியில். ஊதும் சூட்டில் எழும் அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பல ஆண்டுகள் அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். மாற்றாகப் பயன்படும் காட்மியம் இல்லாத பொடியைக் காட்டி விளக்குவதற்காகவே ஓர் அமர்வை ஒதுக்கினால் மிகவும் நல்லது. அடைத்துக் கட்டிய குளிர்சாதன மண்டபம் வேண்டாம் என்றதும் இந்தப் புகையை நினைத்துத்தான்.

சமையல் எரிவாயு காற்றைவிட எடை கூடியது; கசிந்தால் தரையோடு தங்கும். தரையில் அமர்ந்து வேலை செய்யும் இடத்தில் இது இரட்டிப்பு ஆபத்து. சிலிண்டர்கள் கூடத்துக்கு வெளியே நிற்க, குழாய் மட்டும் உள்ளே வரட்டும். மணல் வாளிகளையும் தீயணைப்பான்களையும் ஒவ்வொரு மேசைக்கும் அருகில் வையுங்கள். ஊதிய உலோகத்தைச் சுத்தம் செய்யும் அமிலமான திராவகத்தைக் கலக்கும்போது தண்ணீரில்தான் திராவகத்தை மெல்ல ஊற்ற வேண்டும், திராவகத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. பயன்படுத்திய திராவகத்தைச் சமையல் சோடா போட்டு, நுரை அடங்கும்வரை முறித்த பிறகும் அதில் செம்பு கரைந்தே இருக்கும் என்பதால், சாக்கடையில் கொட்டாமல் பீப்பாயில் சேர்த்து, முறையாக அகற்றுவோரிடம் ஒப்படைக்க வேண்டும். தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுக்கும் இந்த மாவட்டத்துக் கிணறுகளுக்கும் என்ன நேர்ந்தது என்பதும், அந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1996-இல் தீர்ப்பானதும் இங்குள்ளோர் அறிந்தவை. இன்னொரு தொழிலின் பெயரால் அதே மண்ணில் சிறு அளவிலும் தீங்கு சேரக் கூடாது.

காட்சி

பூட்டுப் போடும் அறையில் கண்காட்சி. ஒவ்வொரு பொருளின் அருகிலும் ஓர் அட்டை இருக்கட்டும். செய்தவர் பெயர், ஊர், யாரிடம் தொழில் கற்றார் என்பது, உலோகம், எடை ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். ஒரு நகையில் தட்டியவர் ஒருவர், கல் பதித்தவர் ஒருவர், மெருகிட்டவர் ஒருவர் என்றால் மூவரின் பெயரும் வர வேண்டும். கல் பதிப்பதிலும் மெருகிடுவதிலும் பெண்கள் வீட்டிலிருந்தபடி செய்யும் பங்கு கணக்கில் வராமலே போகிறது. அட்டை எழுதுபவர் அதை விசாரித்துக் கேட்டு எழுத வேண்டும். நிதி உதவி செய்யும் கடைகளின் பெயரை வாசலில் ஒரே பலகையில் நன்றியோடு எழுதலாம், காட்சி அறைக்குள் வேண்டாம்.

பொருளைப் பெற்றுக்கொள்ளும்போதே படம் எடுத்து, ஒரு மில்லிகிராம்வரை காட்டும் தராசில், மின்விசிறியை நிறுத்திவிட்டு எடை போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்ட ரசீதைக் கொடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே தராசு, அதே முறை. வெளியூரிலிருந்து எடுத்துவருவோர் பொருள் கண்காட்சிக்குப் போவதாகக் காட்டும் சலானைக் கையில் வைத்திருக்க வேண்டும். அதன் வடிவத்தை ஓர் ஆடிட்டரிடம் கேட்டுத் தயார் செய்து, முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். தேர்தல் நடத்தை விதிகள் நடப்பில் இருக்கும் ஆண்டாக இருந்தால் வழிச்சோதனையில் இது இல்லாமல் பெரும் தொல்லைப்பட நேரும். விற்பனை வைப்பதென்றால் வெள்ளி, செம்பு, பித்தளைப் பொருள்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்

காலையில் வெளியே ஒரு சுற்றுப்பயணம். வேலூரை அடுத்த ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போகலாம். 2007 ஆகஸ்டில் குடமுழுக்கு கண்ட அந்தக் கோயிலில், வேலைப்பாடு செய்த செப்புத் தகடுகளின் மேல் பொன் தகட்டை அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும் முறை நம் தொழிலோடு நேரடியாகத் தொடர்புடையது. உள்ளே கைபேசிக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை; நட்சத்திர வடிவப் பாதையில் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்பதால் வயதானவர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். என்னைக் கேட்டால், வேலூர்க் கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்துக்கு இன்னும் கூடுதலான நேரம் கொடுப்பேன். அந்தத் தூண்களின் சிற்பங்களில் ஆரமும் மேகலையும் கடகமும் எப்படித் தொங்குகின்றன, எந்த இடத்தில் வளைகின்றன என்பதை ஒரு பத்தரோடு நின்று பார்ப்பது வேறு யாரோடு பார்ப்பதையும் போன்றது அல்ல. சிற்பி விட்டுவிட்ட கொக்கி எங்கே இருக்க வேண்டும் என்று அவர் விரலால் காட்டுவார். குறிப்பேடும் பென்சிலும் எல்லோருக்கும் கொடுத்து அனுப்புங்கள்.

மாலையில், தொடக்கத்தில் சொன்ன பொருள் மாற்றிக்கொள்ளும் வழக்கம். கலந்துகொள்ளும் ஒவ்வொருவரும் செம்பிலோ பித்தளையிலோ, ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகாத ஒரு சிறு பொருளைச் செய்து, பின்புறம் தம் அடையாளக் குறியைப் பொறித்துக் கொண்டுவர வேண்டும். குறி பொறிக்கும் பழக்கமே இல்லாதவர்களுக்காக முதல் நாளிலேயே எழுத்து அச்சுகளும் ஒரு சுத்தியும் வைத்த மேசை ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். உலோகத்தின் மதிப்பு சமமாக இருப்பதால் முதலாளி, கூலிக்காரர் என்ற வேறுபாடு இந்த மாற்றத்தில் குறுக்கே வராது.

கலைவதற்கு முன் மூன்று வேலைகள் முடிந்திருக்க வேண்டும். வரவு செலவுக் கணக்கை எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும். காட்சிப் பொருள்களை ரசீதோடு சரிபார்த்து ஒப்படைக்க வேண்டும். அடுத்த ஆடியின் நாளையும் பொறுப்பேற்கும் ஊரையும் குறித்துவிட வேண்டும். ஒரே ஊர்க்காரர்கள் தொடர்ந்து நடத்தினால் அது அவர்களுடைய விழாவாகச் சுருங்கிவிடும் என்பதால், அடுத்த முறை குடியாத்தமோ ஆற்காடோ ஏற்கட்டும். பெயர் அட்டைகளைத் தூக்கிப் போடாமல், படங்களோடு ஒரு கோப்பில் சேர்த்து, பொறுப்பேற்கும் ஊர்க்காரரிடம் அன்றே கொடுத்துவிடுங்கள்.