அழுகைக் காட்சியைக் கடைசியில் எழுதுங்கள்

குடும்பத்தில் ஒருவரைப் பறிகொடுத்த பிள்ளையைப் பற்றி அமைதியான படம் எடுக்கப் போகிறேன் என்று ஸ்கிரிப்ட்டோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: இறந்துபோனவர் வீட்டில் என்னென்ன வேலை பார்த்தார்? நான் எடிட்டர். என் மேசைக்கு வரும் படங்களில் அழுகை தாராளமாக இருக்கும், இந்தப் பட்டியல் இருக்காது. ராத்திரி கதவைப் பூட்டியது யார், பள்ளிக்கூடப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்று எழுதிப் பாருங்கள். அதில் ஒரு வேலை மெல்ல பிள்ளையின் கைக்கு வருமே, கதை அங்கேதான் இருக்கிறது. ‘நீ இனிமே பெரியவன்’ என்று யாரும் வசனம் பேச வேண்டாம்.

அப்புறம் ஒரு பொருள் வேண்டும். மரணத்துக்கு முன்பே, வேறு காரணத்துக்காக அது திரையில் வந்திருக்க வேண்டும். சத்யஜித் ராய் இயக்கி 1955இல் வெளிவந்த ‘பதேர் பாஞ்சாலி’யில் மணிமாலையைத் திருடிவிட்டாள் என்று துர்கா மேல் பழி விழுகிறது, அவள் இல்லை என்கிறாள். அவள் இறந்த பிறகு, வீட்டைக் காலி செய்யும்போது, அந்த மாலை தம்பி அப்புவின் கையில் கிடைக்கிறது. யாரிடமும் சொல்லாமல் குளத்தில் வீசிவிடுகிறான். விழுந்த இடத்தில் விலகிய பாசி மறுபடி மூடிக்கொள்கிறது. அக்காவின் மானத்தை அந்தப் பொடியன் காப்பாற்றிவிட்டான். திருட்டுப் பழி முன்னாலேயே வந்திருக்காவிட்டால் இது வெறும் குளத்து ஷாட்.

அழுகைக்கும் அதே படத்தைப் பாருங்கள். மகள் இறந்தது தெரியாமல் ஊர் திரும்பும் அப்பா, அவளுக்கென்று வாங்கிய புடவையை நீட்ட, அம்மா உடைந்துபோகிறாள். அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியமான தார் ஷெனாய்தான் கேட்கிறது. பலர் அழுகையையும் வைத்து, மேலே வயலினையும் போடுகிறார்கள். இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

நடிக்கும் பிள்ளையிடம் ‘உன் அம்மா செத்துட்டதா நெனச்சுக்கோ’ என்று சொல்லாதீர்கள். அது கொடுமை, நடிப்பும் வராது. பொத்தான் போடுவது, முடிச்சு அவிழ்ப்பது என்று கைக்கு வேலை கொடுங்கள். ஜப்பானிய இயக்குநர் ஹிரோகாசு கொரீடா 2004இல் வெளிவந்த ‘நோபடி நோஸ்’ படத்தில் பிள்ளைகளுக்கு ஸ்கிரிப்ட்டே தரவில்லை. ஏறத்தாழ ஒரு வருடம், கதை வரிசைப்படியே எடுத்தார். நடித்த பையன் வளர்வது படத்திலேயே தெரியும். கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியபோது அவனுக்கு வயது 14. உங்களுக்கு ஒரு வருடமெல்லாம் கிடைக்காது, சரி. காட்சி வரிசையையாவது கலைக்காமல் எடுங்கள்.

ஆறுதல் சொல்லும் நல்ல மனிதர் ஒருவர் எல்லா ஸ்கிரிப்ட்டிலும் வந்துவிடுகிறார். அவருக்குப் பதிலாக, வீட்டில் நடந்தது எதுவுமே தெரியாத ஆளைக் கொண்டுவாருங்கள். அவரிடம் பிள்ளை வாய்விட்டுச் சிரிக்கட்டும். சிரித்துவிட்டோமே என்று சட்டென்று உறுத்தும் பாருங்கள், அந்த முகம் வேண்டும்.

படப்பிடிப்பில் இரண்டு விஷயம். ஒவ்வொரு அறையிலும் எல்லோரையும் அசையாமல் நிறுத்தி ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த அறையில் கேட்கும் இயல்பான சத்தத்தை, பதிவு செய்யுங்கள். மௌனம் என்று நீங்கள் எழுதிய இடத்தில் ஒலித்தடம் காலியாகக் கிடந்தால் ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். இன்னொன்று, வசனம் முடிந்ததும் ‘கட்’ சொல்லாதீர்கள். கேமரா இன்னும் பத்து விநாடி ஓடட்டும். எடிட்டிங்கில் எனக்கு அதுதான் அதிகம் உதவும்.