அனலாக் மாட்யூல் சேர்க்கும்போது செய்யக் கூடாதவை

பிஎல்சியில் (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினி) ஆன், ஆஃப் மட்டும் பார்க்கும் டிஜிட்டல் இன்புட்டில் கோளாறு வந்தால் உடனே தெரிந்துவிடும். விளக்கு எரியாது, மோட்டார் ஓடாது. அளவைப் படிக்கும் அனலாக்கில் கோளாறும் ஓர் எண்ணாகத்தான் வரும், அதுவும் நம்பும்படியான எண்ணாக. நான் அதிகம் கையாண்டது சீமென்ஸ் எஸ்7-1200 பிஎல்சி என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

வாங்கும் முன்பே ஒரு தவறு நடக்கிறது. 1211சி சிபியுவுக்கு (பிஎல்சியின் மூளைப் பகுதி) பக்கத்தில் சிக்னல் மாட்யூல் எதுவும் மாட்ட முடியாது. 1212சி-யில் 2, 1214சி-யில் 8 மாட்டலாம். இந்த சிபியுக்களிலேயே இருக்கும் 2 அனலாக் இன்புட்டும் 0–10 வோல்ட்டுக்கு மட்டும்தான், 4–20 மில்லியாம்ப் சென்சாரை நேரே அதில் கொடுக்கக் கூடாது. எஸ்எம் 1231 என்ற அனலாக் இன்புட் மாட்யூலின் 4 சானல் வகையில் வோல்ட்டா கரண்டா என்பதை இரண்டிரண்டு சானலாகத்தான் தேர்ந்தெடுக்க முடியும். 0-வது சானலில் வோல்ட், 1-வதில் கரண்ட் என்று வயரிங் படம் போட்டுவிட்டால் பேனலைப் பிரிக்க வேண்டியதுதான்.

அடுத்தது ரேஞ்ச். ஒரு தண்ணீர்த் தொட்டி வேலையில் நானே இதில் தவறியிருக்கிறேன். தொட்டி 10 மீட்டர், சென்சார் 4–20 மில்லியாம்ப். மாட்யூலில் 0–20 என்று விட்டுவிட்டேன். தொட்டி நிரம்பியிருந்தபோது திரையில் சரியாக 10 மீட்டர் காட்டியது, ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டேன். தண்ணீர் இறங்க இறங்கத்தான் பிழை வளர்ந்தது. பாதித் தொட்டிக்கு 6 மீட்டர், காலித் தொட்டிக்கு 2 மீட்டர்! மாட்யூல் கரண்டை ஒரு கச்சா எண்ணாகத்தான் தரும். 0–20 ரேஞ்சில் 20 மில்லியாம்ப் 27648 என்றால் 4 மில்லியாம்ப் 5530 ஆகிறது, பூஜ்யம் அல்ல. தொட்டி காலியாக இருக்கும்போது கச்சா எண் 5530-ஐ ஒட்டி நின்றால் வேறெங்கும் தேடாதீர்கள், முதலில் ரேஞ்சைப் பாருங்கள்.

இரண்டு கம்பி டிரான்ஸ்மிட்டரில் (சப்ளையும் சிக்னலும் அதே இரண்டு கம்பியில் போகும் சென்சார்) 24 வோல்ட் பிளஸ் முதலில் சென்சாருக்குப் போக வேண்டும். சென்சாரின் மைனஸ் சானலின் பிளஸுக்கு, சானலின் மைனஸ் சப்ளையின் மைனஸுக்கு. அவசரத்தில் 24 வோல்ட்டை நேரே சானலில் கொடுத்துவிட்டால், கரண்ட் இன்புட்டின் உள்தடை 300 ஓமுக்கும் குறைவுதான், 80 மில்லியாம்புக்கு மேல் பாயும். மாட்யூல் தாங்குவது 40. தனி சப்ளை வைத்தால் அதன் மைனஸையும் சிபியுவின் மைனஸையும் இணையுங்கள். பிளஸ் இரண்டையும் மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது கம்பி அறுந்துபோவது. 4–20 ரேஞ்சில் கம்பி அறுந்தால் இந்த மாட்யூல் பூஜ்யம் தராது, 32767 தரும். அதை அப்படியே ஸ்கேல் செய்தால், அதாவது மீட்டராக மாற்றினால், 10 மீட்டர் தொட்டியில் 11.85 மீட்டர் தண்ணீர்! தண்ணீர் இல்லையென்றால் பம்பை நிறுத்த வேண்டிய புரோகிராம், நிறைய இருக்கிறதென்று நம்பி அதை வறண்டு ஓடவிடும். சிலர் 10-க்கு மேல் போகாதபடி வரம்பு வைத்துவிடுவார்கள். அப்போது அறுந்த கம்பியும் நிரம்பிய தொட்டியும் திரையில் ஒன்றாகவே தெரியும். ஸ்கேல் செய்வதற்கு முன்பே கச்சா எண் 32767-ஆ என்று பார்த்து, ஆம் என்றால் அலாரம் கொடுத்து பம்பை நிறுத்துங்கள்.

சிக்னல் கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். டிரைவிலிருந்து (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) மோட்டாருக்குப் போகும் கேபிளோடு ஒரே டிரங்க்கில் சிக்னல் கம்பியை இழுக்காதீர்கள். எண் ஆடினால் ஃபில்டரைக் கூட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் பாருங்கள். நம் ஊர் மின்சாரத்துக்கு இரைச்சல் வடிகட்டல் 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும்.

ஒப்படைக்கும் முன் லூப் காலிப்ரேட்டரால் (சென்சாருக்குப் பதிலாகத் துல்லியமான கரண்ட் தரும் கருவி) 4, 12, 20 மில்லியாம்ப் கொடுத்துப் பாருங்கள். 0, 13824, 27648 வர வேண்டும். பிறகு கம்பியைக் கழற்றிவிட்டு, பம்ப் நிற்கிறதா என்று பம்புக்குப் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.